குரல் காலடியிலா, கூரையிலா? மலைவீட்டு ஸ்பீக்கர்களின் உயரக் கோளாறுகள்

கொடைக்கானலில் நாயுடுபுரம், செண்பகனூர், பெருமாள்மலை என எந்தப் பக்கத்திலிருந்து அழைத்தாலும் புகார் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: கடையில் இனிமையாகக் கேட்ட ஸ்பீக்கர் வீட்டில் கேட்கச் சகிக்கவில்லை. அழைப்பவர் ஸ்பீக்கரை மாற்றலாமா, ஆம்ப்ளிஃபயரை மாற்றலாமா என்று கேட்பார். நான் அளவு நாடாவை எடுப்பேன். ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கும் உயரம் தவறாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் தன் குரலைக் காட்டாது. உயரத்தைத் திருத்த ஆகும் செலவோ மிகக் குறைவு. ஆகவே கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், பணம் கேட்கும் வேலை கடைசியில் வரும். அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

தொடங்குமுன் மூன்று அளவுகள்

வழக்கமாக உட்காரும் இடத்தில் வழக்கம்போல உட்காருங்கள். அளப்பதற்காக நிமிர்ந்து உட்கார வேண்டாம். தரையிலிருந்து காது வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். சோபாவில் இது ஏறத்தாழ 90 முதல் 105 செ.மீ. வரை வரும். பாயில் சம்மணமிட்டு உட்காருபவருக்கு 65 முதல் 75 செ.மீ. இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறுவதால் உங்கள் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தரையிலிருந்து ட்வீட்டரின் நடுப்புள்ளி வரை. பெட்டியில் சிறியதாக, பெரும்பாலும் மேலே இருந்து உயர்ந்த ஒலிகளைத் தரும் வட்டம்தான் ட்வீட்டர். மூன்றாவதாக, ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையே உள்ள தூரம்.

ஆம்ப்ளிஃபயரில் பாஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) குமிழ்களை நடுவில் வையுங்கள். லவுட்னெஸ் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். சோதனைக்கு மனிதக் குரலைவிட நல்ல கருவி இல்லை. கோடைப் பண்பலையில் செய்தி வாசிக்கும் நேரத்தில் கேளுங்கள். பேச்சு எப்படி ஒலிக்க வேண்டும் என்று நம் காதுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். பிறகு மிருதங்கம் தெளிவாகப் பதிவான ஒரு கச்சேரி. வலந்தலையின் (வலப்பக்கத்தின்) கூர்மையும் தொப்பியின் (இடப்பக்கத்தின்) ஆழ்ந்த கும்கி ஓசையும் தனித்தனியாகக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

## அறிகுறி 1: குரல் காலடியிலிருந்து வருகிறது, எழுத்துகள் மழுங்குகின்றன

ச, ஷ, ஸ ஒலிகள் மங்கிப்போகும். பாடகர் தரையில் படுத்துப் பாடுவதுபோலத் தோன்றும். ஸ்பீக்கர் முக்காலியிலோ, டிவி வைக்கும் தாழ்ந்த மேசையிலோ, நேரே தரையிலோ இருக்கும் வீடுகளில் இது கட்டாயம் வரும்.

முதல் சோதனை. பாட்டு ஓடும்போதே ட்வீட்டர் இருக்கும் உயரத்துக்குக் காது வரும்படி மெல்லக் குனியுங்கள். பிறகு மெல்ல எழுந்திருங்கள்.

*குனிந்தபோது குரல் தெளிந்தால்*, குறை உயரத்தில்தான். ஸ்பீக்கரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ கை வைக்காதீர்கள்.

*குனிந்தும் தெளியாவிட்டால்*, முன்பக்கத் துணி மூடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். வருடக்கணக்கில் தூசியும் ஈரமும் சேர்ந்த துணி உயர்ந்த ஒலிகளைத் தடுக்கும். அதற்கும் மாறவில்லையென்றால் ட்வீட்டருக்கு அருகில் காதை வைத்து, ஒலியைக் குறைத்து, அதிலிருந்து ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

செலவில்லாத திருத்தம்: சாய்ப்பு. தாழ்ந்த ஸ்பீக்கரின் முன்விளிம்பைத் தூக்கி, ட்வீட்டர் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்க்கலாம். எவ்வளவு தூக்குவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. காது உயரத்திலிருந்து ட்வீட்டர் உயரத்தைக் கழியுங்கள். அதைப் பெட்டியின் ஆழத்தால் பெருக்கி, நீங்கள் இருக்கும் தூரத்தால் வகுங்கள். காது 95, ட்வீட்டர் 50, பெட்டி ஆழம் 20, தூரம் 250 செ.மீ. என்றால் 45 × 20 ÷ 250 = 3.6 செ.மீ. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டு, வழுக்காமல் இருக்க மேலும் கீழும் ரப்பர். கணக்கு 5 செ.மீ.க்கு மேல் போனால் சாய்ப்பை நம்பாதீர்கள். பெட்டி பின்பக்கம் சரியும், குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஆபத்து.

அடுத்த படி: மேடை. தேவையான மேடை உயரம் = காது உயரம் − பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர் வரை உள்ள அளவு. ட்வீட்டர் பெட்டிக்குள் 22 செ.மீ. உயரத்தில் இருந்தால், 95 செ.மீ. காதுக்கு 73 செ.மீ. மேடை வேண்டும். கட்டட வேலைக்கு வாங்கும் ஹாலோ பிளாக் கல் சோதனைக்கு அருமையானது. 20 செ.மீ. கல் மூன்றைப் படுக்கையாக அடுக்கி, அதன் மேல் 10 செ.மீ. கல் ஒன்றை வைத்தால் 70 செ.மீ. கிடைக்கும். மூன்று செ.மீ. குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம், காது அந்த அளவுக்குக் கண்டிப்பானதல்ல. ஆனால் இந்த அடுக்கு ஒவ்வொன்றும் 50 கிலோவைத் தாண்டும். சிமெண்ட் தரையில் மட்டும் வையுங்கள். பலகைத் தளமுள்ள பழைய பங்களாக்களில் இதைச் செய்யவே கூடாது.

ஒரு வாரம் கேட்டுப் பார்த்து, உயரம் பிடித்துவிட்டது என்றான பிறகு ஆசாரியிடம் ஸ்டாண்டு செய்யச் சொல்லலாம். கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் பலகையே போதும். அடிப்பலகை பெட்டியைவிட அகலமாக இருக்கட்டும், தூணுக்குள் உலர்ந்த மணல் நிரப்பச் சொல்லுங்கள். ஸ்டாண்டு தானாக அதிராது. உயரம் உறுதியாவதற்கு முன் ஸ்டாண்டு வாங்குவது வீண்செலவு. கடையில் கிடைப்பது யாரோ ஒருவருடைய சோபாவுக்குச் செய்த உயரம்.

## அறிகுறி 2: குரல் தலைக்கு மேலே, கூர்மையாக, உடம்பில்லாமல்

இந்த மலைவீடுகளில் ஸ்பீக்கர் ஏறிக்கொள்ளும் இடங்கள் மூன்று: கணப்பின் மேலுள்ள மாடம், கண்ணாடி ஷோகேஸின் உச்சி, பரண். மூன்றுமே அழகுக்காகவும் இடவசதிக்காகவும் தேர்ந்தெடுத்தவை. ஒலியைக் கேட்டு யாரும் அங்கே வைப்பதில்லை. டிவியைக் கணப்புக்கு மேலே மாட்டிவிட்டு ஸ்பீக்கரையும் அதற்கு இணையாக உயர்த்துவது இப்போது பெருகிவிட்டது. டிவி எங்கே போனாலும் ஸ்பீக்கர் காதுக்கு அருகே இருக்கட்டும்.

சோதனை. எழுந்து நின்று கேளுங்கள். நின்றால் குரல் நிறைந்து ஒலித்து, உட்கார்ந்ததும் மெலிந்தால் உயரம்தான் காரணம். வூஃபரும் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய வட்டம்) ட்வீட்டரும் மேலும் கீழுமாக அடுக்கப்பட்ட பெட்டியில், பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து உட்கார்ந்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. ஓரடி மேலேயோ கீழேயோ போனால் குரலின் நடுப்பகுதியே பள்ளம் விழும்.

திருத்தம், எளியது முதல். இறக்கி வைக்க முடியுமானால் இறக்குங்கள். முடியாவிட்டால் பெட்டியைத் தலைகீழாகத் திருப்புங்கள். ட்வீட்டர் கீழே வந்துவிடும், காதுக்கு அருகில் நெருங்கும். ஸ்பீக்கருக்கு இதனால் எந்தக் கேடும் இல்லை; பெயர்ப் பட்டை தலைகீழாகத் தெரியும், அவ்வளவே. அதன் பிறகு பின்விளிம்பைத் தூக்கிப் பெட்டியை முன்னோக்கிச் சாய்த்து வையுங்கள். மேலே சொன்ன கணக்கே இதற்கும் பொருந்தும். ஆனால் உயரத்தில் முன்சாய்வாக வைத்த பெட்டி அதிர்ந்து அதிர்ந்து நகரும், ஆகவே சுவரில் கொக்கி போட்டுப் பின்பக்கத்தைக் கட்டிவையுங்கள். பெட்டியை அலமாரியின் உள்ளே தள்ளாமல் முன்விளிம்புவரை இழுத்து வைப்பதும் முக்கியம்.

கணப்பு மாடத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். குளிர்காலத்தில் தீ மூட்டும் வீடு என்றால் அங்கே ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். சூடும் கரியும் ஸ்பீக்கரின் அதிரும் கூம்பைச் சுற்றியுள்ள ரப்பரையும் நுரையையும் கெடுக்கும். உயரம் சரியாக அமைந்தாலும் அது ஸ்பீக்கருக்கு உரிய இடமில்லை.

## அறிகுறி 3: ஒருவருக்கு நன்றாகக் கேட்கிறது, இன்னொருவருக்கு இல்லை

அப்பத்தா பாயில், மகன் சோபாவில். காதுகளுக்கிடையே 30 செ.மீ. வித்தியாசம். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்காக உயரத்தை அமைப்பதே என் முடிவு. இருவரும் சமமாகக் கேட்பவர்கள் என்றால் இரண்டு உயரங்களின் நடுவில் வைத்து, ஸ்பீக்கர்களிலிருந்து எல்லோரும் இன்னும் ஓரடி பின்னால் உட்காருங்கள். தூரம் கூடும்போது உயர வித்தியாசம் காதுக்குச் சிறுத்துவிடும். அறை சிறியதென்றால் பாயில் இருப்பவருக்கு ஒரு உயரமான திண்டு கொடுப்பதும் திருத்தம்தான்.

## அறிகுறி 4: பாஸ் திம்மென்று அடைக்கிறது, தரை அதிர்கிறது

மலைக்கே உரிய கோளாறு இது. இங்குள்ள பழைய வீடுகளில் பலகைத் தளத்துக்குக் கீழே உத்திரமும் வெற்றிடமும் இருக்கும். அதன் மேல் ஸ்பீக்கரை வைத்தால் தளமே ஒரு பெரிய கடமாக மாறிவிடுகிறது.

சோதனை. மிருதங்கம் ஒலிக்கும்போது ஸ்பீக்கருக்கு அருகே தரையில் உள்ளங்கையை வையுங்கள்.

*தரையில் அதிர்வு தெரியாவிட்டால்*, காரணம் மூலை. சுவர், சுவர், தரை மூன்றும் கூடும் இடத்தில் ஸ்பீக்கர் இருந்தால் தாழ்ந்த ஒலி பெருகும். மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள். பிறகு தரையிலிருந்து உயர்த்துங்கள். வூஃபர் தரையைவிட்டு எழ எழ, தரை அதற்குக் கொடுக்கும் கூடுதல் பலம் குறைந்துகொண்டே வரும். பின்பக்கம் துளையுள்ள பெட்டி என்றால் அந்தத் துளை சுவரை ஒட்டியிருக்கக் கூடாது.

*தரையில் அதிர்வு தெளிவாகத் தெரிந்தால்*, ஸ்பீக்கரைத் தற்காலிகமாகச் சிமெண்ட் தரையுள்ள இடத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். தாழ்வாரமோ, கணப்புக்கு முன்னால் உள்ள கல்தளமோ போதும். அங்கே அடைப்பு நீங்கினால் பலகைத் தளமே குற்றவாளி. கால்நடை பண்ணைகளில் விரிக்கும் தடித்த ரப்பர் பாயில் ஒரு துண்டு வெட்டி, அதன் மேல் ஒரு கடப்பைக் கல், அதன் மேல் ஸ்டாண்டு. ரப்பர் அதிர்வைத் தடுக்கும், கல் ஸ்டாண்டை நிலையாக நிறுத்தும். கூர்முனைக் கால் உள்ள ஸ்டாண்டுகள் பலகையில் வேண்டாம், அவை அதிர்வை நேரே தளத்துக்குள் இறக்கும். ஸ்டாண்டைப் பலகையின் நடுவில் வைக்காமல், கீழே உத்திரம் ஓடும் கோட்டில் வையுங்கள். ஆணி வரிசை எங்கே போகிறதோ அங்கேதான் உத்திரம் இருக்கும்.

நடக்கும்போதே தளம் தொய்ந்து எழுகிறது என்றால் அது ஒலிப் பிரச்சினை இல்லை. உத்திரம் ஈரத்தில் இற்றுப்போயிருக்கலாம். பாட்டை நிறுத்திவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 5: குரல் குழிவாக, தொப்பி ஒலி இல்லாமல்

பாஸ் இல்லை என்றதும் சப்வூஃபர் வாங்கக் கிளம்புபவர்களைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

முதலில் இணைப்பு. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தாழ்ந்த ஒலியைத் தின்றுவிடும். செய்தி வாசிப்பைக் கேட்டால் குரல் நடுவில் நிற்காமல் இரு பக்கமும் சிதறும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். குரல் நடுவில் கூடி, பாஸ் திரும்பினால் அத்துடன் முடிந்தது.

பிறகு தரை எதிரொலி. நேரே வரும் ஒலியும் தரையில் பட்டு வரும் ஒலியும் மோதும் இடத்தில் ஒரு பகுதி அழிந்துபோகும். வூஃபர் 60 செ.மீ., காது 95 செ.மீ., தூரம் 2.5 மீட்டர் என்றால் அந்தப் பள்ளம் 400 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுகிறது. குரலுக்கு உடம்பு தரும் பகுதி அது. மெருகேறிய சிவப்பு ஆக்சைடு தரையிலும் டைல்ஸ் தரையிலும் இது நன்றாகவே தெரியும். ஸ்பீக்கரை 10 செ.மீ. உயர்த்திக் கேளுங்கள், பிறகு 10 செ.மீ. தாழ்த்திக் கேளுங்கள், சோபாவை அரையடி முன்பின் நகர்த்துங்கள். தரையில் ஜமுக்காளம் விரித்தால் போதும் என்பார்கள். ஜமுக்காளம் கூர்மையான ஒலிகளைச் சற்றுத் தணிக்கும், 400 ஹெர்ட்ஸில் அதனால் அதிகம் பயனில்லை. இங்கே உயரம்தான் மருந்து.

மூன்றாவது, குளிர். டிசம்பர், ஜனவரி காலையில் அறை மிகக் குளிர்ந்திருக்கும்போது கூம்பைத் தாங்கும் ரப்பர் சற்று இறுகியிருக்கும், பாஸ் மெலிந்து கேட்கும். சிறிது நேரம் மிதமாக ஓடவிட்டால் தளர்ந்துவிடும். இதற்காக ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஹீட்டரை வைக்க வேண்டாம்.

## அறிகுறி 6: இடமும் வலமும் ஒன்றுபோல் இல்லை

சரிவில் கட்டிய வீடுகளில், தாழ்வாரத்தை அடைத்து அறையாக்கிய இடங்களில், நீர் ஓடுவதற்காக வைத்த வாட்டம் தரையில் அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். அறையின் இரு ஓரங்களுக்கிடையே சில செ.மீ. வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கத்து ஸ்டாண்டின் அடியில் தக்கை கொடுங்கள். அளவைத் தரையிலிருந்து எடுக்காமல், ரசமட்டத்தை வைத்து இரண்டு ட்வீட்டர்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

உயரம் சமமாகியும் வித்தியாசம் தொடர்ந்தால் இப்படிப் பிரித்தறியுங்கள்:

- ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதன் பின்பக்கத்தில் இடது வலது கம்பிகளை மாற்றுங்கள். குறை மறு பக்கத்துக்குப் போனால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது.
- குறை அதே பக்கத்தில் நின்றால், ஸ்பீக்கர்களை இடம் மாற்றுங்கள். குறை ஸ்பீக்கரோடு போனால் ஸ்பீக்கர் பழுது.
- ஸ்பீக்கரை மாற்றியும் குறை அதே மூலையில் நின்றால், அந்தப் பக்கத்துக் கம்பியில் பழுதில்லை என்றால் அறைதான் காரணம். பெரும்பாலும் ஒரு பக்கம் வெயில் வாங்கும் பெரிய கண்ணாடி ஜன்னல், மறு பக்கம் வெறும் சுவர். ஜன்னலில் கனமான திரை போட்டால் சமநிலை வரும்.

## அறிகுறி 7: கிரீச், சரசர, கடகட

ஒலியைச் சற்று உயர்த்தி, அறையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள்: ஷோகேஸ் கண்ணாடி, சுவர்ப் படம், ஜன்னல் சட்டம், மரக் கூரைப் பலகை. அழுத்தியதும் சத்தம் நின்றால் பிடிபட்டுவிட்டது. சிறு துண்டு ஃபெல்ட் துணி போதும். ஷோகேஸின் மேல் ஸ்பீக்கர் இருக்கும்வரை உள்ளே இருக்கும் பித்தளையும் பீங்கானும் பாடிக்கொண்டேதான் இருக்கும். இதற்கும் இடத்தை மாற்றுவதே தீர்வு.

சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு வூஃபர் கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். மென்மையாகப் போய்வர வேண்டும். உரசினால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) தேய்கிறது, மெக்கானிக் வேலை. ட்வீட்டரின் குமிழில் விரல் படவே கூடாது.

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு தொடங்கிய கரகரப்பு என்றால் கம்பி முனைகளைப் பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வீட்டுக்குள்ளேயே மேகம் உலவும் இடங்களில் செம்பு பச்சை பூத்துவிடும். முனையை வெட்டி, புதிதாகச் சீவி, முறுக்கிப் போடுங்கள். துகள்பலகைப் பெட்டியை ஈரச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். அடிப்பக்கம் ஊறி உப்பினால் பெட்டி ஒரு பக்கமாகச் சாயும், உயரக் கணக்கும் கெடும்.

தகரக் கூரையில் மழை அடிக்கும்போது தெளிவில்லை என்பது கோளாறில் சேராது. அதை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் எரிவது ட்வீட்டர்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

ட்வீட்டரில் ஓசையே இல்லையென்றால், மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கம்பியைக் கழற்றிவிட்டு ட்வீட்டரின் முனைகளிலேயே அளக்கலாம். 8 ஓம் என்று எழுதியதில் 6 பக்கத்திலும், 4 ஓமில் 3-க்கு மேலும் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. பெட்டிக்குள் ஒலியை ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவரைச் சோதிக்க வேண்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்துவிட்டது. இரண்டுமே மெக்கானிக் வேலை.

பழைய கல் சுவரில் ஸ்பீக்கர் தாங்கியை மாட்ட நினைத்தால் கொத்தனார் வரட்டும். மண்சாந்தில் கட்டிய சுவர்களில் திருகாணி கற்களுக்கிடையே இறங்கினால் பிடிக்காது, கல்லிலேயே துளையிட வேண்டும். காதுக்கான உயரத்தை நீங்களே சுவரில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். அவர் கதவு நிலையின் உயரத்துக்கு ஏற்றிவிடுவார்.

ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் சுரீரென்றால், கருகல் வாசனை வந்தால், இடி விழுந்த மறுநாள் உறுமல் தொடங்கினால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பாறை நிலத்தில் எர்த் பிடிப்பது கடினம், இங்கே பல வீடுகளில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. மின்விஷயத்தில் இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு நீங்களாக இறங்க வேண்டாம்.

ஸ்பீக்கரை மலையிலிருந்து இறக்கித்தான் பழுது பார்க்க வேண்டும் என்றால், குறையுள்ள ஒன்றை மட்டும் அனுப்பாமல் இரண்டையும் அனுப்புங்கள். ஒன்றில் கூம்பு மாற்றினால் மற்றதோடு ஒப்பிட்டுக் கேட்டுத்தான் சரிபார்க்க முடியும். வத்தலக்குண்டு போகும் வழியின் வளைவுகளில் உருளாதபடி, கூம்புப் பக்கத்தில் கெட்டி அட்டை வைத்து, போர்வையில் சுற்றிக் கட்டுங்கள். திரும்பி வந்ததும் எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு, ஸ்டாண்டு இருந்த இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டு எடுங்கள்.